ஒப்பந்தத்தில் பெண்களுக்கு ஓர் அத்தியாயம்



2017 டிசம்பரில் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் கூடினார்கள். உலக வணிகத்தில் பெண்களுக்கு வழி திறப்போம் என்று அங்கே ஒரு பிரகடனம் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்தன. இந்தியா சேரவில்லை. சமத்துவம் வேண்டியதுதான், அதைப் பேசும் இடம் இதுவல்ல என்றது. வெறும் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. நல்ல நோக்கத்தைக் காட்டியே நாளைக்கு நம் சரக்கைத் திருப்பி அனுப்பலாம் என்ற அச்சம் வளரும் நாடுகளுக்கு உண்டு.

ஆனால், 2025 ஜூலையில் பிரிட்டனோடு இந்தியா கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் பாலினச் சமத்துவத்துக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது!

இந்த வழக்கத்துக்கு முன்னோடி சிலி. 2016-இல் உருகுவேயோடும், அடுத்த ஆண்டு கனடாவோடும் இப்படி எழுதிக்கொண்டது. பயிற்சி, அனுபவப் பகிர்வு, மேற்பார்வைக்கு ஒரு குழு என்று படிக்க நன்றாகத்தான் இருக்கும். சிக்கல் எங்கே என்றால், சுங்க வரியில் சொன்ன சொல் தவறினால் நடுவர் முன் நிறுத்தலாம். பெண்களுக்குக் கொடுத்த சொல் தவறினால் உட்கார்ந்து பேசலாம், அவ்வளவுதான். இந்திய–பிரிட்டன் அத்தியாயமும் இதே ரகம். கனடாவும் இஸ்ரேலும் தங்கள் ஒப்பந்தத்தில் ஒரு படி மேலே போய், இரு தரப்பும் சம்மதித்தால் நடுவரிடம் போகலாம் என்றன. குற்றம் சாட்டப்பட்டவர் எப்போது சம்மதிப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், பெண்களின் பிழைப்பு அந்த அத்தியாயத்தில் இல்லை, வரிப் பட்டியலில் இருக்கிறது. இதே ஒப்பந்தத்தில் பால் பொருள்களுக்கு இந்தியா வரிச் சலுகை தரவில்லை. மாட்டுக்குத் தீவனம் வைப்பதும், சாணி அள்ளுவதும், பால் கறந்து சொசைட்டியில் ஊற்றுவதும் நம் ஊர்களில் பெரும்பாலும் யார்? பெண் என்ற சொல்லே வராத அந்த விலக்குதான் ஒப்பந்தத்தில் அவர்களுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு.

திருப்பூர்க் கதை வேறு. ஆயத்த ஆடைக்கு பிரிட்டன் விதித்த, 12 சதவீதம் வரையிலான வரி விலகுகிறது. ஆர்டர் கூடினால் பனியன் கம்பெனிகளில் பெண்களுக்கு வேலையும் கூடும். நல்லதுதான். கூடவே ஓவர்டைமும் இரவு ஷிப்டும் கூடும். பிள்ளையை யார் பார்ப்பது, இரவில் எந்த வண்டியில் வீடு திரும்புவது, பீஸ் ரேட் ஏறுமா? வரி குறைந்ததால் மிஞ்சும் காசு வெளிநாட்டு வியாபாரிக்கா, முதலாளிக்கா, டெய்லர் அக்காவுக்கா? இதற்கெல்லாம் ஒப்பந்தத்தில் பதில் தேடிப் பயனில்லை. நம் தொழிலாளர் துறையும் கம்பெனிகளும்தான் சொல்ல வேண்டும்.

பேச்சுவார்த்தை நடக்கும்போதே, எந்தப் பொருளின் வரி மாறினால் எத்தனை பெண்களின் வேலை மாறும் என்று கணக்கெடுத்து வெளியிடும் பழக்கம் கனடாவில் வந்துவிட்டது. நம் வணிக அமைச்சகமும் அதைச் செய்யட்டும். ஒப்பந்த வாசகம் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது, நேயர்களே. திறந்தால் வரிப் பட்டியலை முதலில் பாருங்கள்.