கடல் கடந்து வரும் மின்கருவிகள்: வாங்குவோர் கவனத்திற்கு

(பெக்கோக் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், சிப்பந்திகள் கூட்டத்தில் கிளைக் கமிட்டியின் சார்பில் நிகழ்த்திய உரை)

விடியுமுன் மரம் வெட்டி, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, களைப்பையும் பாராமல் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே! தாய்மார்களே! ஆபீசில் எங்களோடு பேனா பிடிக்கும் கிராணி நண்பர்களே!

இன்று நாங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. கைக்கு வந்த சம்பளம் எப்படிக் கையை விட்டுப் போகிறது என்பதைப் பற்றிப் பேசப் போகிறோம். தோட்டத்து ஆபீஸ் வராந்தாவை நீங்கள் யாவரும் பார்த்திருக்கிறீர்கள். உரமூட்டை அடுக்கிய இடத்தில் இப்போது பார்சல் மூட்டை அடுக்கியிருக்கிறது. கைப்பேசி, சார்ஜர், பவர் பேங்க், காதில் மாட்டும் ஒலிவாங்கி, புளூடூத் பெட்டி, சி.சி.டி.வி. என்று நாள்தோறும் வந்து இறங்குகின்றன. பாதிக்கு மேல் சீனாவிலிருந்து வருபவை. வாங்குவது தவறென்று சொல்ல நாங்கள் வரவில்லை. பிள்ளைகளின் படிப்பும் பாங்கு வேலையும் கைப்பேசிக்குள் புகுந்துவிட்ட காலம் இது. வாங்காமல் இருக்க முடியாது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். 600 வெள்ளிக்கு ஒரு கைப்பேசி வாங்கினால் அது ஒன்பது நாள் உழைப்பு. ஒன்பது நாள் கொசுக்கடியிலும் அட்டைக்கடியிலும் வெட்டிய மரத்தின் பலனை, முகம் தெரியாத ஒருவனுக்கு ஒரு விரல் அழுத்தத்தில் அனுப்பி விடுகிறோம்.

முன்பு பெக்கோக் பட்டணத்துக் கடையில் ரேடியோ வாங்கினால் கடைக்காரரின் முகம் தெரியும். பாடவில்லையென்றால் சைக்கிளில் வைத்துக் கட்டிக் கொண்டு போய் அவர் மேசை மேல் வைக்கலாம். கொஞ்சம் சத்தம் போடலாம். கடல் கடந்த கடைக்காரனிடம் எந்தச் சைக்கிளில் போவது?

ஊரைத் திருத்த வந்தவர்கள் ஏமாறாதவர்கள் என்று நினைத்து விடாதீர்கள். ஏமாந்தவர்கள் நாங்கள்தான். அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறோம்.

2022-ஆம் ஆண்டில், தோட்டத்துப் பழைய படங்களையெல்லாம் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும் என்று கிளைக் கமிட்டி முடிவு செய்தது. மே தின ஊர்வலம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, தீமிதித் திருவிழா, லயத்துக் கல்யாணங்கள், வீடியோ நாடாக்கள் ஆகிய எல்லாவற்றையும் வீடு வீடாக வாங்கிப் படியெடுத்தோம். ஆல்பங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தோம். படிகளைப் போட்டு வைக்க, அயல்நாட்டு வியாபாரி ஒருவரிடம் 39 வெள்ளிக்கு 2 டெராபைட் பென்டிரைவ் ஒன்று வாங்கினோம். பட்டணத்தில் அந்த அளவுள்ள சாதனம் சில நூறு வெள்ளி விலை. சங்கப் பணத்தை மிச்சம் பிடித்தோம் என்று பெருமை வேறு! பெட்டி வந்த அன்று மாலையே கணினியில் செருகினோம். 2 டெராபைட் என்று காட்டியது. உடனே “பொருள் கிடைத்தது” என்ற பொத்தானை அழுத்தினோம். ஐந்து நட்சத்திரமும் கொடுத்தோம்.

2023 மார்ச்சில் செகாமாட் மாவட்டத்தில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். லயத்து வீடுகளில் புகுந்த தண்ணீர் ஆல்பங்களை ஊறவைத்துக் கூழாக்கிவிட்டது. “கவலைப்படாதீர்கள், எல்லாம் ஆபீசில் இருக்கிறது” என்று தைரியம் சொன்னோம். திறந்து பார்த்தோம். பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. முதலில் போட்ட படங்கள் திறந்தன. பிறகு போட்டவை ஒன்றும் திறக்கவில்லை. தன் புருஷனின் ஒரே படத்தை எங்களிடம் நம்பிக் கொடுத்திருந்த பாட்டி ஒருவர், “பரவாயில்லை தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

நடந்தது என்ன? அந்தப் பென்டிரைவுக்குள் இருந்தது 32 ஜிகாபைட் சில்லுதான். கணினி கேட்டால் 2 டெராபைட் என்று பொய் சொல்லும்படி அதன் உள்கட்டளையை மாற்றி எழுதியிருக்கிறார்கள். இடம் நிரம்பிய பிறகு போடுவதெல்லாம் காற்றில் போகும். பெயர் மட்டும் நிற்கும்.

தோழர்களே, இது நமக்குப் புதிதா? பால்வாளியில் தண்ணீர் ஊற்றினால் எடை கூடும், ரப்பர் கூடாது. அதனால்தானே கிராணிமார் வாளியின் எடையோடு நிற்காமல், மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்க்கிறோம்? பாலுக்குச் செய்யும் சோதனையைப் பென்டிரைவுக்குச் செய்யவில்லை. அவ்வளவுதான். சாதனத்தை முழுவதும் நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. எச்-2-டெஸ்ட்-டபிள்யூ என்பது அவற்றில் ஒன்று. அது இல்லாவிட்டாலும், பெரிய வீடியோக்களைப் போட்டு நிரப்பி, கடைசியாகப் போட்டதைத் திறந்து பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

பவர் பேங்க்குக்குத் தராசே போதும். 50,000 மில்லி ஆம்பியர் என்று எழுதிய ஒன்றை ஆபீஸ் தராசில் வைத்தோம். 210 கிராம் காட்டியது. உள்ளே இருக்கும் உருளை பேட்டரி ஒன்று ஏறக்குறைய 45 கிராம். அது தாங்குவது அதிகம் போனால் 3,500. அப்படியானால் 50,000-க்குப் பதினான்கு பதினைந்து பேட்டரிகள் வேண்டும். 600 கிராமுக்கு மேல் நிற்க வேண்டும். 210 கிராமில் நல்ல சரக்காக இருந்தால்கூட 10,000 இருக்கும். பெட்டியில் எழுத மை இருந்தால் போதும், எதையும் எழுதலாம்.

பெரிய இயங்கலைச் சந்தைகளில் பணம் எப்படிப் போகிறது என்பதை இப்போது சொல்கிறோம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தோம். ஷோப்பி, அலிஎக்ஸ்பிரஸ் போன்றவற்றில் நாம் கட்டும் பணம் உடனே வியாபாரியின் கைக்குப் போவதில்லை. சந்தை அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பொருள் கிடைத்தது என்று நாம் சொன்ன பிறகோ, குறித்த நாட்கள் கடந்த பிறகோதான் விடுவிக்கிறது. அந்தச் சில நாட்கள்தான் நமக்குள்ள பலம். வியாபாரியின் பணம் அப்போது நடுவில் தொங்குகிறது. அவன் நமக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பொத்தானை அழுத்தியபின் அவனுக்கு நாம் யாரோ!

ஆகவே பார்சலைப் பிரிக்கும்போதே, முகவரிச் சீட்டு தெரியும்படி இன்னொருவரைக் கைப்பேசியில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கைப்பேசியானால் சிம் போட்டுப் பேசிப் பாருங்கள். பேட்டரி ஒரு நாள் நிற்கிறதா பாருங்கள். குறையிருந்தால் அந்தச் செயலிக்குள்ளேயே புகார் எழுதுங்கள், வெளியே அல்ல. “வாட்சாப்பில் வாருங்கள், கழிவு தருகிறேன், பணத்தை நேரே பாங்குக் கணக்கில் போடுங்கள்” என்று ஒருவன் சொன்னால், அவன் நமக்கிருக்கும் அந்த ஒரே பலத்தைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று அறிந்து கொள்ளுங்கள். “புகாரைத் திரும்பப் பெறுங்கள், வேறு அனுப்புகிறேன்” என்று கெஞ்சுவதும் இந்த வகைதான். நாள் கடத்துவதே அவன் நோக்கம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு நடுவர் மன்றம் இயங்குகிறது. 5 வெள்ளி கட்டணத்தில் வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம். வக்கீல் வேண்டியதில்லை. இந்த நாட்டில் கடை வைத்திருப்பவன் ஏமாற்றினால் தயங்காமல் அங்கே போங்கள். மனு எழுதிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம். ஆனால் ஷென்சென் நகரத்தில் இருப்பவனை அந்த மன்றம் இழுத்து வந்து நிறுத்துவது நடக்கிற காரியமா?

2014-இல் சிங்கப்பூர் சிம் லிம் சதுக்கத்தில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வியட்நாமிலிருந்து வந்த ஓர் ஆலைத் தொழிலாளி, காதலிக்குக் கொடுக்க 950 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஐபோன் வாங்கினார். உத்தரவாதத்துக்கு இன்னும் 1,500 வெள்ளி கொடுத்தால்தான் ஆயிற்று என்று கடையில் நெருக்கினார்கள். அவர் மண்டியிட்டு அழுத காட்சி உலகமெல்லாம் பரவியது. நம்மைப் போன்ற ஒரு தொழிலாளி! மறு ஆண்டு அந்தக் கடை முதலாளிக்கு 33 மாதச் சிறை கிடைத்தது. கடை அந்த மண்ணில் இருந்தது. சட்டத்தின் கை எட்டியது. கை எட்டாத இடத்தில் வாங்குகிற நாம், பணம் விடுபடுமுன்னே நம் காரியத்தைப் பார்த்துக் கொள்ள வேண்டும்.

கைப்பேசி வாங்குவோருக்கு இன்னொரு செய்தி. நம் நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டது. அயல்நாட்டுக்கென்று செய்த சில கைப்பேசிகள் இங்குள்ள அலைவரிசைகளைப் பிடிப்பதில்லை. பட்டணத்தில் கோபுரம் பக்கத்தில் இருப்பதால் குறை தெரியாது. மரக்காட்டுக்குள் 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைதான் தூரம் வரும். அதை அமெரிக்காவுக்கென்று செய்த கைப்பேசிகள் பல பிடிக்கமாட்டா. நிரையில் பாம்பு கடித்து ஆளைக் கூப்பிட வேண்டிய நேரத்தில், கையில் இருப்பது வெறும் கண்ணாடிப் பலகையாகிவிடும். வாங்குமுன் மாடல் எண்ணைக் கேட்டு, அலைவரிசைப் பட்டியலைப் பாருங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் ஆபீசில் கேளுங்கள். கிராணி முறைத்தால் எங்களிடம் சொல்லுங்கள்!

சார்ஜர் விஷயத்தில் மட்டும் கடுமையாகவே சொல்கிறோம். சுவரில் செருகும் எதையும் சிரிம் முத்திரை இல்லாமல் வாங்க வேண்டாம். சார்ஜர், நீட்டிப்புப் பலகை, சோறாக்கும் பானை முதலியவை எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றுத்தான் இந்நாட்டில் விற்கப்பட வேண்டும். நேரே வெளிநாட்டிலிருந்து வருவது அந்தச் சோதனையைக் கண்டிராது. நம் மின்சாரம் 230 வோல்ட், ஜப்பானில் 100. அங்கிருந்து பழைய சோற்றுப்பானை மலிவாக வருகிறதென்று வாங்கிச் செருகினால் புகைதான் மிஞ்சும். பொருளின் அடியில் 100–240 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இரண்டு முனைப் பிளக்கை, மேல் துவாரத்தில் பேனாவை நுழைத்துச் செருகும் பழக்கம் நம் லயத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்த மூன்றாவது முனை நிலத்தொடர்புக்கானது. நம் பிளக்கில் உருகியும் இருக்கிறது. இரண்டும் இல்லாமல், பலகை வீட்டில், பிள்ளைகள் தூங்கும் மெத்தைக்குப் பக்கத்தில் இரவெல்லாம் சார்ஜ் போடுகிறோம்.

வரி விவரம் ஒன்று. 2024 ஜனவரி 1 முதல், 500 வெள்ளிக்கு மேற்படாத இயங்கலை இறக்குமதிப் பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பதிவு பெற்ற சந்தைகள் அதை வாங்கும்போதே விலையோடு வசூலித்து விடுகின்றன. ஆகையால், “உங்கள் பார்சல் சுங்கத்தில் சிக்கியிருக்கிறது, இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்” என்று குறுஞ்செய்தி வந்தால் நம்ப வேண்டாம். சுங்க இலாகா தனி ஆள் கணக்கில் பணம் கேட்காது. அதில் வரும் இணைப்பைத் தொடவோ, அவர்கள் அனுப்பும் செயலியை இறக்கவோ கூடாது. அப்படி இறக்கிய செயலியே பாங்குக் கணக்கைத் துடைத்துவிடும். ஆர்டர் செய்யாத பார்சல் பணம் கேட்டு வந்தால், ஆபீசில் யாரும் பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கட்டிவிட வேண்டாம். ஆளைக் கேட்டு விட்டுக் கட்டுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். உடனே 997-க்கு அல்லது உங்கள் பாங்குக்குத் தொலைபேசி செய்யுங்கள். பிறகு போலீசில் ரிப்போர்ட் கொடுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவுமுன் தடுக்கப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரத் தாமதம் பெரிய தாமதம். முன்கூட்டியே பார்ப்பதானால், போலீஸ் இலாகாவின் ‘செமாக் மியூல்’ தளத்தில் வியாபாரியின் பாங்குக் கணக்கு எண்ணைப் போட்டால், அதன் மேல் புகார் இருந்தால் காட்டும். புகார் இல்லையென்றால் யோக்கியன் என்று அர்த்தமில்லை. இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை என்றே அர்த்தம்.

ஞாயிறு தோறும் காலை பத்து மணிக்குச் சங்க அறையில் தராசும் கணினியும் இருக்கும். பெரிய விலைக்கு வாங்கிய பொருளானால், “கிடைத்தது” என்று அழுத்துமுன் கொண்டு வாருங்கள். சேர்ந்து பிரிப்போம், சேர்ந்து சோதிப்போம். கடைசியாக ஒரு வேண்டுகோள். வெள்ளத்துக்குத் தப்பிய பழைய படங்கள், குறிப்பாக அந்தப் பாட்டியின் புருஷன் வேலை செய்த காலத்துத் தோட்டப் படங்கள், யார் வீட்டிலாவது, வெளியூர் போன பிள்ளைகளிடமாவது இருந்தால் கொடுத்து உதவுங்கள். இந்த முறை இரண்டு இடத்தில் பதிந்து, கடைசிப் படம்வரை திறந்து பார்த்துவிட்டுத்தான் ஆல்பத்தைத் திருப்பித் தருவோம்.