தீர்மான நோட்டுல இருக்கிறது வீடு வரைக்கும் போய்ச் சேரணும்

 

தொழில்ல ஜெயிச்ச தலைவர்கள் தங்களோட நோக்கத்தை மத்தவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறாங்க, கூட இருக்கிறவங்களை எப்படி ஊக்கப்படுத்துறாங்கன்னு பேசச் சொல்லியிருக்காங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. நம்ம பொத்தேரியில எந்தத் தெருவுல திரும்பினாலும் காலேஜ் பசங்கதான். நாம சமைச்சுப் போடுற வீட்டுப் பசங்களே "எங்களுக்கு சாஃப்ட் ஸ்கில் கிளாஸ் இருக்கு ஆன்ட்டி"ன்னு சொல்வாங்க. அப்படின்னா என்னன்னு கேட்டேன். நாலு பேர் முன்னாடி பேசுறது, அடுத்தவங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேக்குறது, கோபம் வந்தா அடக்குறது, ஆளுக்கு ஒரு குணமா இருக்கிறவங்களைச் சேர்த்து வேலை நடத்துறதுன்னு சொன்னாங்க. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மாமியார், நாத்தனார், ஓரகத்தி எல்லாரோடயும் ஒரே வீட்டுல குடும்பம் நடத்துற நமக்கு இதுல பாதி பாடம் ஏற்கெனவே தெரியும். நாம இதைப் பக்குவம்னு சொல்றோம். அந்தப் பக்குவத்தைத் தொழில்ல எப்படிக் கொண்டு வர்றதுன்னுதான் கத்துக்கணும்.

இப்ப எதுக்கு இதைக் கத்துக்கணும்? இந்த வருஷம் நம்ம கூட்டமைப்பு இட்லி மாவும் மசாலாப் பொடியும் பொதுவா செஞ்சு விக்கலாம்னு தீர்மானம் போட்டிருக்கு. கூட்டத்துல தீர்மானத்தை வாசிச்சாங்க, எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் குழாயடியில ஒரு அக்கா, "ஏம்மா, அந்த மாவு விஷயத்துல எனக்கு என்ன வேலை?"ன்னு கேட்டாங்க. பக்கத்துல நின்ன நாலு பேருக்கும் பதில் தெரியல. தீர்மானம் நோட்டுல இருக்கு, ஆளுங்க மனசுக்கு இன்னும் போகல. அது மனசுக்குப் போகாம கடன் வாங்கி கிரைண்டர் இறக்கினா, ஆறு மாசத்துல கிரைண்டர் ஒரு மூலையில கிடக்கும், தவணை மட்டும் மாசாமாசம் வரும். அதனாலதான் இந்தத் தலைப்பு நமக்கு முக்கியம்.

மூணு பேரோட கதையைச் சொல்றேன். மூணுமே நிஜத்துல நடந்தது.

முதல்ல மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமி. அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சவர். 1918-ல வடமலாபுரம் கிராமத்துல பிறந்தவர். மூட்டுவாத நோய் வந்து கைவிரல் எல்லாம் கோணிப்போச்சு. அந்த விரலை வச்சுக்கிட்டே கண் ஆபரேஷன் செய்யப் பழகி, ஒரு லட்சத்துக்கு மேல ஆபரேஷன் செஞ்சார். 58 வயசுல அரசாங்க வேலையில இருந்து ரிட்டயர் ஆனதும், 1976-ல 11 படுக்கையோட மதுரையில ஆஸ்பத்திரி தொடங்கினார்.

அவரோட நோக்கம் ரொம்பச் சின்ன வார்த்தையில அடங்கிடும். சரிபண்ணக்கூடிய குருடு யாருக்கும் இருக்கக் கூடாது. நம்ம பாட்டிமாருக்குக் கண்ணுல புரை விழுந்தா "வயசாச்சு, அவ்வளவுதான்"னு திண்ணையில உட்கார வச்ச காலம் அது. அதனால அவர் சொன்னது எல்லாருக்கும் புரிஞ்சது. ஆனா சொன்னதோட அவர் நிறுத்தல. கிராமத்துப் பொண்ணுங்களைச் சேர்த்து ரெண்டு வருஷம் பயிற்சி கொடுத்தாங்க. பார்வையைச் சோதிக்க ஒரு பொண்ணு, ஆபரேஷனுக்கு நோயாளியைத் தயார் செய்ய ஒரு பொண்ணு, கண்ணாடிக்கு அளவு எடுக்க ஒரு பொண்ணுன்னு வேலையைப் பிரிச்சாங்க. டாக்டர் ஒரு ஆபரேஷனை முடிச்சுத் திரும்பினா அடுத்த மேஜையில அடுத்த ஆள் தயாரா இருப்பாங்க. பணம் கட்ட முடிஞ்சவங்க கட்டினாங்க, முடியாதவங்களுக்கு இலவசமா செஞ்சாங்க.

இதுல நாம எடுத்துக்க வேண்டியது என்ன? அந்தப் பொண்ணைக் கேட்டா "நான் டெஸ்ட் எடுக்கிறேன்"னு மட்டும் சொல்ல மாட்டா. நான் செய்யிற வேலையால ஒருத்தருக்குப் பார்வை வருதுன்னு அவளுக்குத் தெரியும். பெரிய நோக்கத்தை அவ கையில இருக்கிற வேலையோட முடிச்சுப் போட்டுக் கொடுத்தாங்க. தலைவர் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

ரெண்டாவது லிஜ்ஜத் அப்பளம். மளிகைக் கடையில பார்த்திருப்பீங்க. 1959 மார்ச் 15-ஆம் தேதி, மும்பை கிர்காம்ல ஒரு மொட்டை மாடியில ஏழு பெண்கள் உட்கார்ந்து அப்பளம் தேய்ச்சாங்க. முதலீடு 80 ரூபாய், அதுவும் கடன் வாங்கினது. முதல் நாள் நாலு பாக்கெட். அந்த ஏழு பேர்ல ஒருத்தர் ஜஸ்வந்திபென் போபட். அவங்களுக்கு 2021-ல பத்மஸ்ரீ விருது அறிவிச்சாங்க. இன்னைக்கு அந்த நிறுவனத்துல 40 ஆயிரத்துக்கும் மேல பெண்கள் இருக்காங்க.

அங்க முதலாளி, தொழிலாளின்னு கிடையாது. தேய்க்கிற ஒவ்வொருத்தரும் பங்குதாரர். ஒருத்தரை ஒருத்தர் "பென்"னுதான் கூப்பிடணும். குஜராத்தில அதுக்கு அக்கா தங்கச்சின்னு அர்த்தம். லாபம் வந்தாலும் எல்லாருக்கும், நஷ்டம் வந்தாலும் எல்லாருக்கும். காலையில பிசைஞ்ச மாவை வாங்கிட்டு வீட்டுக்குப் போய்த் தேய்ச்சுக் காய வச்சு, அடுத்த நாள் கொண்டு வந்து கொடுத்துட்டு, கூலியை வாங்கிட்டு அடுத்த மாவையும் வாங்கிட்டு வருவாங்க. வீட்டையும் பிள்ளையையும் விட்டுட்டு வர முடியாத பெண்ணுக்கு ஏத்த மாதிரி வேலையையே மாத்தி அமைச்சிருக்காங்க. அடுத்தவளோட கஷ்டம் தெரிஞ்சவங்கதான் இப்படி யோசிக்க முடியும்.

முதல் வருஷம் மழைக்காலத்துல அப்பளம் காயாம நாலு மாசம் வேலை நின்னு போச்சு. யாரும் யாரையும் குறை சொல்லிப் பிரிஞ்சு போகல. அடுத்த மழைக்கு ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினாங்க. கட்டில் மேல அப்பளம், கட்டிலுக்குக் கீழ அடுப்பு. வேலை நடந்துச்சு. விலை குறைவா விக்கிறதுக்காகத் தரம் குறைஞ்ச அப்பளமும் சேர்த்துச் செஞ்சுக்கிட்டு இருந்தப்போ, அவங்களுக்கு வழிகாட்டின பெரியவர் ஒரே தரமா செய்ங்க, தரத்துல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்கன்னு சொன்னார். அதைக் கேட்டு நடந்தாங்க.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். இனிக்க இனிக்கப் பேசினா மட்டும் யாருக்கும் ஊக்கம் வந்துடாது. செஞ்ச வேலைக்குக் காசு கைக்கு வரணும், கணக்கு கண்ணுக்குத் தெரியணும். அப்புறம்தான் "அக்கா"ன்னு கூப்பிடுற சொல்லுக்கு மதிப்பு. கணக்கைக் காட்டாம அன்பா மட்டும் பேசினா, அந்தப் பேச்சு மேலயே சந்தேகம் வரும்.

மூணாவது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச சின்னப்பிள்ளை அம்மா. மதுரை பக்கம் பில்லுச்சேரி. எழுதப் படிக்கத் தெரியாது. வயல் வேலைக்குப் போற பெண்களுக்குத் தலைவியா நின்னு கூலி பேசி வாங்கிக் கொடுத்தவங்க. பிறகு களஞ்சியம்ங்கிற மகளிர் குழுக்கள்ல சேர்ந்து, ஊர் ஊராப் போய்ப் பெண்களைச் சேமிக்க வச்சாங்க. 2001 ஜனவரியில டெல்லியில விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவங்க காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல பத்மஸ்ரீ கிடைச்சது.

படிக்காத ஒருத்தர் பேச்சுக்கு இத்தனை பெண்கள் ஏன் கட்டுப்பட்டாங்கன்னு நான் யோசிச்சிருக்கேன். எனக்குத் தோணுறதைச் சொல்றேன். அவங்களும் அதே வயல்ல நாத்து நட்டவங்க. கூலி கேட்டுப் போறப்ப தனக்குன்னு கேட்கல, எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டாங்க. கேட்கிறவங்களுக்குத் தெரிஞ்ச பேச்சுல பேசினாங்க. "நிதி உள்ளடக்கம்"னு சொன்னா நமக்குத் தூக்கம் வரும். "வட்டிக்காரன் வாசல்ல நிக்காம இருக்கணும்னா வாரம் கொஞ்சம் எடுத்து வை"ன்னு சொன்னா நிமிர்ந்து உட்காருவோம். ரெண்டும் ஒரே விஷயம்தான்.

சரி, நம்ம மாவுக்கு வருவோம். இந்த மூணு பேர்கிட்ட இருந்து எடுத்து நாம செய்யக்கூடியதைச் சொல்றேன்.

ஒண்ணு. நோக்கத்தை நம்ம பேச்சுல சொல்லணும். தீர்மானத்துல "உறுப்பினர்களின் வாழ்வாதார மேம்பாடு"ன்னு எழுதியிருக்கு. எழுத்துக்கு அது சரி. உறுப்பினர்கிட்ட சொல்லும்போது, "நம்ம ஊர்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைங்க வெளியூர் கம்பெனி மாவு வாங்குது, அந்தக் காசு நம்ம தெருவுலயே நிக்கணும்"னு சொல்லுவோம்.

ரெண்டு. ஒவ்வொருத்தருக்கும் அவங்க வேலை என்னன்னு பேர் சொல்லிச் சொல்லணும். அரிசி ஊற வைக்கிறது யார், அரைக்கிறது யார், பாக்கெட் போடுறது யார், கடைக்குக் கொண்டு போறது யார், பாக்கி வசூல் யார். முட்டிவலி இருக்கிற அக்காவுக்கு உட்கார்ந்து செய்யிற வேலை. கைக்குழந்தைக்காரிக்கு வீட்டுலயே மிளகாய் காம்பு கிள்ளுற வேலை.

மூணு. யாராவது வரலைன்னா முதல்ல அபராதம்னு பேசக் கூடாது, போய்ப் பார்க்கணும். எங்க குழுவுல ஒரு தங்கச்சி மூணு கூட்டம் வரல. சிலர் பேரை எடுத்துடலாம்னு சொன்னாங்க. எங்க ஊக்குநர் அவ வீட்டுக்குப் போய், எதுவும் கேட்காம, அவ பேசுற வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு, தவணை கட்ட முடியல, அதைச் சொல்லக் கூச்சம். குழுவுல பேசித் தவணையைச் சின்னதாப் பிரிச்சுக் கொடுத்தோம். இன்னைக்கு அவதான் கூட்டத்துக்கு முதல் ஆளா வந்து பாய் விரிக்கிறா.

நாலு. பாராட்டுறதைப் பத்துப் பேர் முன்னாடி சொல்லணும், குறையைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லணும். மாவு புளிச்சுப் போனா "யார் அரைச்சது?"ன்னு முதல்ல கேட்காம "எங்க தவறுச்சு?"ன்னு கேளுங்க. ஆளைத் தேடினா ஆள் ஒளிஞ்சுக்கும், காரணத்தைத் தேடினா எல்லாரும் சேர்ந்து தேடுவாங்க.

அஞ்சு. வாராவாரம் கணக்கைச் சத்தமா வாசிக்கணும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையில இவ்வளவு. நஷ்டமான வாரமா இருந்தா கண்டிப்பா வாசிக்கணும். கெட்ட செய்தியைத் தலைவி வாயால கேட்டா சேர்ந்து யோசிப்போம், குழாயடியில கேட்டா சேர்ந்து திட்டுவோம்.

தலைவின்னா ஒருத்தர்தான்னு நினைக்காதீங்க. நம்ம குழுக்கள்ல ஊக்குநரும் பிரதிநிதிகளும் மாறி மாறி வரணும்னு விதி இருக்கு. இன்னைக்குப் பின்வரிசையில உட்கார்ந்திருக்கிற தங்கச்சி, நீ அடுத்த வருஷம் இந்த நாற்காலிக்கு வரணும். பேச வராதுன்னு சொல்லாதே. காய்கறிக்காரர்கிட்ட பேரம் பேசுற, ரேஷன் கடையில நியாயம் கேட்கிற, பிள்ளைக்காக டீச்சர்கிட்ட பேசுற. அதே வாய்தான் இதுக்கும்.

ஒரு வேண்டுகோளோட முடிச்சுக்கிறேன். அடுத்த குழுக் கூட்டத்துல ஒவ்வொரு பிரதிநிதியும் மாவுத் தொழிலைப் பத்தி, நோட்டைப் பார்க்காம, அஞ்சு நிமிஷம் தன் பேச்சுல சொல்லணும். சொல்லி முடிச்சதும் ஒவ்வொரு உறுப்பினரையும் "உன் வேலை என்ன?"ன்னு கேட்கணும். எல்லாரும் பதில் சொன்னா கிரைண்டருக்குக் கடன் போடுவோம். ஒருத்தருக்குப் பதில் தெரியலைன்னாலும் இன்னொரு வாரம் பொறுத்து மறுபடி பேசுவோம். அந்த ஒரு வாரத்தால நமக்கு நஷ்டம் இல்ல.