தளத்தில் தேறட்டும் கண்டுபிடிப்பு

கட்டுரை படைக்க வந்திருக்கும் ஆய்வாளர்களே, பொறியாளர்களே, ஒப்பந்தக்காரர்களே, எங்கள் அழைப்பை ஏற்று வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேஸ்திரிகளே, மாணவச் செல்வங்களே, அனைவரையும் வரவேற்கிறேன்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். அது நம் அனைவருக்கும் நன்கு பழகிய கான்கிரீட்டும் கம்பியும் கொண்டு எழுப்பிய கட்டடம். பழகிய பொருளே பிழை நேர்ந்தால் இத்தனை உயிரைக் கொள்ளும் என்றால், பழகாத பொருளை எவ்வளவு பொறுப்போடு கையளிக்க வேண்டும்? புதிய கட்டுமானப் பொருள்களைப் பற்றிய இக்கருத்தரங்கின் முன் நான் வைக்கும் கேள்வி இதுதான்.

புதிய பொருள்கள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் வெப்பத்தில் சிதைவதால் வெளிவருவது. எனவே, சூளைக்கு எந்த எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பகுதி குறையாது. சூளையில் சுட்டெடுக்கும் கிளிங்கரின் அளவைக் குறைப்பதே முதன்மை வழி.

எல்.சி.3 சிமென்ட் அதைத்தான் செய்கிறது. சுவிட்சர்லாந்து, கியூபா நாடுகளின் ஆய்வாளர்களோடு நம் டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.களும் சேர்ந்து வளர்த்த சிமென்ட் இது. பாதி கிளிங்கர், மீதியில் சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் தூள் 15, ஜிப்சம் 5 விழுக்காடு. கிளிங்கருக்குச் சுமார் 1,450 டிகிரி வெப்பம் வேண்டும். களிமண்ணுக்கு 800 டிகிரி அளவே போதும். கரியமில வாயு 30 முதல் 40 விழுக்காடு வரை குறைகிறது. 2023இல் இதற்கு இந்தியத் தரவிதியும் வந்துவிட்டது. கடற்காற்றின் உப்பு கம்பியை அரிக்கும் நம் கரையோர ஊர்களுக்கு இது பெரும் வரம். குளோரைடு உட்புகுவதை இந்தக் கான்கிரீட் மிக நன்றாகத் தடுக்கிறது.

ஆனால் தளத்தில் என்ன நடக்கும்? சுட்ட களிமண் மிக நுண்ணியது, தண்ணீரை இழுக்கும். கலவை சீக்கிரம் இறுகுவதாகத் தோன்றும். வெயிலில் தளம் போடும் கொத்தனார் இன்னும் ஒரு வாளி தண்ணீர் கேட்பார். அது அவர் குற்றமில்லை; அவர் கற்ற தொழில் அப்படி. அந்த ஒரு வாளி, ஆய்வகத்தில் நாம் கண்ட வலிமையைக் கரைத்துவிடும். தண்ணீருக்குப் பதிலாகக் கலவையை இளக்கும் ரசாயனத்தை அளந்து சேர்க்க வேண்டும் என்பதை மூட்டையோடு சேர்த்து யார் அவரிடம் சொல்வது? நனைப்பதை இரண்டே நாளில் நிறுத்தினால் இந்தக் கான்கிரீட் எவ்வளவு இழக்கும் என்று எத்தனை கட்டுரைகள் சொல்கின்றன?

ஜி.எஃப்.ஆர்.ஜி. பலகையும் அப்படியே. உர ஆலையில் குவியும் ஜிப்சத்தில் கண்ணாடி இழை சேர்த்து, 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமுமாக வார்க்கும் உள்ளீடற்ற பலகை. ஆஸ்திரேலியாவில் பிறந்த இதைப் பல மாடிக் கட்டடத்துக்கு ஏற்ப வடிவமைக்கும் முறையைச் சென்னை ஐ.ஐ.டி. வகுத்தது, 2013இல் தன் வளாகத்திலேயே ஈரடுக்கு வீடு கட்டிக் காட்டியது. செங்கலும் பூச்சும் மிச்சம், நாளும் மிச்சம். ஆனால் அங்கே சுவர்தான் தூண். பத்து ஆண்டு கழித்து வீட்டை வாங்குபவர், கூடத்தைப் பெரிதாக்க ஒரு சுவரை இடிக்கச் சொன்னால்? அது தாங்குசுவர் என்று அவருக்குத் தெரிவிக்கும் பத்திரம் எது?

கட்டி முடித்த பிறகு நேரும் பிழைக்கு இன்னோர் எடுத்துக்காட்டு. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் பூஜ் நகரின் மருத்துவமனை இடிந்தது. பின்னர் ஈயமும் ரப்பரும் கொண்ட தாங்கிகளின் மேல் அதை மீண்டும் எழுப்பினார்கள். நிலம் குலுங்கும்போது அத்தகைய கட்டடம் மெல்ல நகர, சுற்றிலும் இடைவெளி விட வேண்டும். பராமரிப்பவர் அதில் ஒரு திண்ணை கட்டிவிட்டால் அந்தத் தாங்கிகளால் பயன் இல்லை.

ஆகவே இந்த அமர்வுகளில் ஒவ்வொரு கட்டுரையாளரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் பொருள் சிறப்பாகச் செய்தால் எவ்வளவு தாங்கும் என்பதோடு நிறுத்தாதீர்கள். வழக்கமாக நேரும் பிழைகளோடு செய்தால் எவ்வளவு தாங்கும் என்பதையும் சோதித்துச் சொல்லுங்கள். தண்ணீரைக் கூட்டிப் பாருங்கள்; நனைக்கும் நாளைக் குறைத்துப் பாருங்கள்; கம்பியை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். சிறு பிழைக்கே வலிமை சட்டென்று விழும் பொருளை, எத்தனை பசுமையானதாயினும், இன்னும் வெளியே அனுப்பாதீர்கள். இடிந்த கட்டடத்தை மறுபடி கட்டினால் மொத்தத்தில் இரு மடங்கு சிமென்ட் செலவாகும். பாதுகாப்பில்லாத இடத்தில் நீடிப்பும் இல்லை.

ஒப்பந்தக்காரர்களிடமும் அரசுத் துறையினரிடமும் கேட்பது வேறு. புதிய முறைக்கான ஒப்பந்தப் புள்ளியில் தொழிலாளர் பயிற்சிக்குத் தனிச் செலவினம் ஒதுக்குங்கள். இன்று நம் தளங்களில் தமிழோடு இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசுகிறார்கள். செய்முறைக் குறிப்பு அவரவர் மொழியில் இருக்கட்டும்.

மேஸ்திரிகளே, ஒவ்வொரு அமர்விலும் முதல் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கே. இது தளத்தில் நடக்குமா என்று தயங்காமல் கேளுங்கள். விடை சொல்ல முடியாத ஆய்வாளர் அந்தக் கேள்வியோடு ஆய்வகத்துக்குத் திரும்பட்டும். அதுவே இக்கருத்தரங்கின் வெற்றி. கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.