பழைய குழிகள் சொன்ன சேதி

1871ஆம் ஆண்டு பெங்களூரில் மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ்காரர் ஒரு பழைய குறிப்பைப் படித்தார். நியூசிலாந்தில் மாவோரிகளுடன் நடந்த போரில் இருந்துவிட்டு, படையிலிருந்து ஓய்வுபெற்று வந்தவர் அவர். குறிப்பை எழுதியவர் ஜான் வாரன் என்ற லெப்டினன்ட். திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் எல்லையை அளக்க வந்த வாரன், கோலார்ப் பக்கம் தங்கம் கிடைக்கிறது என்ற ஊர்ப்பேச்சைக் கேட்டு, காட்டுவோருக்குப் பரிசு என்று அறிவித்தார். கிராமத்தார் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசினார்கள். அடியில் பொன் துகள் மின்னியது. உரிகம், மாரிகுப்பம் பக்கம் ஆட்கள் குழிக்குள் இறங்கிப் பாறை வெட்டுவதையும் பார்த்து, எல்லாவற்றையும் 1804இல் எழுதிவைத்தார்.

லவெல் மாட்டுவண்டியில் கோலாருக்குப் போனார். 1873இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை கேட்டார், 1875இல் பெற்றார். ஆனால் சுரங்கம் வெட்ட ஒரு தனி ஆளின் பணம் எத்தனை நாள் தாங்கும்? இரண்டே ஆண்டில் உரிமை கைமாறியது. இந்தத் தொழிலில் இன்றைக்கும் அதுதான் நடப்பு: மோப்பம் பிடிப்பவர் ஒருவர், தோண்டி எடுப்பவர் இன்னொருவர்.

1880களில் லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் உள்ளே வந்தது. அவர்கள் கோலாரில் நடத்திய மைசூர் சுரங்கத்திலும் முதல் சில ஆண்டுகள் பணம் கரைந்ததுதான் மிச்சம். பங்குதாரர்கள் மூடிவிடலாம் என்றார்கள். மீதிப் பணத்தையும் போட்டுப் பார்ப்போம் என்று டெய்லர் அவர்களைச் சம்மதிக்கவைத்தார். அங்கே பொறுப்பிலிருந்த கேப்டன் பிளம்மர் பழங்காலத்தார் வெட்டிய குழிகளை உற்றுப் பார்த்தார். நல்ல கல் இருந்த இடத்தில்தான் அவர்கள் இறங்கியிருந்தார்கள். தண்ணீர் ஊறியதும் கைவிட்டிருந்தார்கள். தங்கம் தீர்ந்துபோனதால் அல்ல. அந்தக் குழிகளுக்குக் கீழே வெட்டியபோது சாம்பியன் ரீஃப் என்ற தங்கப்படிவு கிடைத்தது. அங்குள்ள பழைய குழிகளில் சிலவற்றின் வயது ஆயிரம் ஆண்டுக்கு மேல்.

அப்படியானால் பழைய குழி இருக்குமிடமெல்லாம் தங்கமா? அதே 1880 வாக்கில் நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர் பக்கமும் பழங்குழிகள் இருந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற வல்லுநரை வரவழைத்து அறிக்கை வாங்கினார்கள். லண்டனில் டஜன் கணக்கில் நிறுவனங்கள் முளைத்தன, பங்குகள் பறந்தன. காட்டுக்குள் இயந்திரங்கள் வந்து இறங்கின. சில ஆண்டுகளில் எல்லாம் கவிழ்ந்தது. அறிக்கையைப் படித்த வேகத்தில் யாரும் பாறையைச் சரியாகச் சோதிக்கவில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

சோதிப்பதும் எளிதல்ல. தங்கம் பாறையில் சீராகப் பரவியிருப்பதில்லை. பொங்கலில் முந்திரி கிடப்பதுபோலத்தான், ஒரு கரண்டியில் நாலு வரும், அடுத்ததில் ஒன்றும் வராது. அதனால் இன்றைய தேடல் படிப்படியாகப் போகிறது. பழைய வரைபடங்களையும் சுரங்கப் பதிவேடுகளையும் தேடிப் படிப்பார்கள். ஓடை மணலையும் மேல்மண்ணையும் வரிசையாக அள்ளிச் சோதிப்பார்கள். அறிகுறி தெரிந்த இடத்தில் நீளமாகப் பள்ளம் வெட்டிப் பாறையைத் திறந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் துளைபோடுவது. வைரப்பல் பதித்த குழாயால் குடைந்து, கல்லை உருளை உருளையாக வெளியே எடுத்து, நீளவாக்கில் பாதியாக அறுத்து, ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு மறுபாதியைப் பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். ஒரு துளையில் நல்ல முடிவு வந்ததும் பங்குச் சந்தை குதிக்கும். விவரம் தெரிந்தவர் பக்கத்துத் துளையின் முடிவுக்குக் காத்திருப்பார். தேடத் தொடங்கிய இடங்களில் பெரும்பாலானவை சுரங்கமாவதே இல்லை.

கோலார் ஆனது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் தந்தது. வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அதை வெட்டியெடுத்தார்கள், 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி. தொடக்கத்தில் ஒரு டன் கல்லுக்கு 45 கிராம் அளவில் கிடைத்தது, கடைசியில் 3 கிராமாகச் சுருங்கியது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது.

இப்போது தேடல் கோலார் தங்கவயலின் கழிவு மேடுகளின் பக்கம் திரும்பியிருக்கிறது. கல்லை அரைத்துத் தங்கம் எடுத்த பின் கொட்டிய 13 மேடுகள், ஏறத்தாழ 3.3 கோடி டன். அவற்றிலிருந்து மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாத மண் அது. டெய்லரின் பங்குதாரர்கள் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்றைய தங்க விலையில் அதற்கும் கணக்குப் போடுகிறார்கள்.