எலுமிச்சம்பழமும் மோட்டாரும்

(திருச்சியில் பேசியதன் சுருக்கம்)



சென்ற ஆயுத பூஜையன்று நாம் காவேரிப் பாலந்தாண்டி ஸ்ரீரங்கம் போயிருந்தோம். அங்கே ஒரு வாடகைக் காருக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். மந்திரம் முடிந்தது, தட்சணை கைமாறிற்று, டிரைவர் சாவியைத் திருகினார், பழம் நசுங்கிற்று, கார் கிளம்பிற்று. பக்கத்திலிருந்தவர், "எல்லாம் பெருமாள் கிருபை" என்றார். "சாவியைத் திருகாமல் பழத்தை மட்டும் வைத்திருந்தால் கிளம்பியிருக்குமா?" என்று கேட்டோம். அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது.

அந்தச் சாவிக்கு ஒரு சரித்திரமுண்டு. ஆதியில் காரின் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகி ஆள் சுற்றினால்தான் இஞ்சின் கிளம்பும். கைப்பிடி திருப்பியடித்துக் கை முறிந்தவர்கள் அனேகர். அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் பாட்டரியால் சுழலும் மோட்டாரை அமைத்தார். 1912ம் வருஷத்துக் காடிலாக் கார்களில் அது வந்தது.

இந்தக் காடிலாக்கைப் பற்றி இன்னொரு சங்கதி. 1908ல் லண்டன் மோட்டார் சங்கத்தார் மூன்று காடிலாக் கார்களைத் திருகு திருகாய்ப் பிரித்து, உறுப்புகளை ஒரே குவியலாய்க் கலந்தார்கள். அதிலும் 89 உறுப்புகளை எடுத்துவிட்டு, கடையிலிருந்த வேறு உறுப்புகளைப் போட்டார்கள். ஸ்பானரும் திருப்புளியுமே கொண்டு மறுபடி மூன்று கார்களாய்ப் பூட்டி 500 மைல் ஓட்டினார்கள். மூன்றும் ஓடின! எந்த வண்டியில் பிறந்த திருகு எந்த வண்டிக்குப் போயிற்றென்று யாருக்குத் தெரியும்? அங்கே குலங்கோத்திரம் கேட்கவில்லை, அளவைத்தான் கேட்டார்கள். இவ்வளவு சரியான அளவு இருந்ததனால்தான் 1913ல் ஃபோர்டு நகரும் வரிசையை ஏற்படுத்தி, பன்னிரண்டரை மணி நேர வேலையை ஒன்றரை மணிக்குக் கொண்டுவர முடிந்தது.

நம் நாட்டில் 1928ல் பம்பாயில் ஷெவ்ரலே கார்களைப் பூட்ட ஆரம்பித்தார்கள். ஆனால் உறுப்புகள் கப்பலில் வந்தவை. அதற்கு முன்பே, 1911ல், மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மோட்டார்த் தொழிலில் இறங்கினார். அய்யங்கார் என்பதற்காக இதை நாம் மறைக்கப் போவதில்லை. அவர் வண்டியைத்தான் நம்பினார், பழத்தை நம்பியல்ல பஸ் விட்டது. நம் திருச்சியில் ஒரு சந்திப்புக்கே டி.வி.எஸ். டோல்கேட் என்று பேராகிவிட்டது. அந்தக் குடும்பத்தாரின் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் ஆலை 1990களில் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிற்று. ஷெவ்ரலே 2017ல் இந்நாட்டில் விற்பனையை நிறுத்திற்று. மூடி செய்யக் கற்ற கை நம்மிடமே இருக்கிறது.

ஸ்ரீரங்கத்துக் காருக்கு வருவோம். டிரைவரைத் தனியே அழைத்து, "பிரேக் எப்படி அப்பா?" என்றோம். "ஷூ தேய்ந்து மாதம் இரண்டாகிறது, அய்யா. முதலாளி பூஜைக்குக் கொடுத்தார், இதற்குக் கொடுக்கவில்லை" என்றார். அந்த வண்டியில்தான் காலையில் ஆறு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நாம் முதலாளி வீட்டுக்கே போனோம். புது ஷூவின் விலை தட்சணை, மாலைச் செலவுக்குள் அடங்கிற்று. மறுநாள் பாலக்கரைப் பட்டறையில் மாட்டினார்கள். நாமும் கூட நின்றோம்.