காத்கரி மக்களும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாட்டுக் கச்சேரிக்கும் நாடகத்துக்கும் இடையே பேச நிறுத்தப்பட்டவரின் நிலை எத்தகையது என்பதை நாம் அறியாதவர் அல்லோம். பின்வரிசைச் சிறுவர்கள் இப்போதே திரையை நோக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே, சுற்றி வளையாமல் சொல்ல முயல்கிறோம்.

நம் பாட்டிமாரின் வெற்றிலைச் செல்லத்தில் பாக்கோடும் சுண்ணாம்போடும் காசுக்கட்டி என்ற ஒரு பொருள் இருக்கும். மராட்டியர் அதனைக் 'காத்' என்பர். கருங்காலி மரத்தின் வைரத்தைச் சில்லுகளாகச் செதுக்கி, பானையில் இட்டுக் காய்ச்சி, சாற்றைச் சுண்டவைத்து உறையச் செய்தால் அது கிடைக்கும். சஹ்யாத்திரி மலைக்காடுகளில் அதனைக் காய்ச்சி வந்த மக்களே காத்கரிகள். தொழிலே அவர்களுக்குப் பெயராயிற்று. 1878-ஆம் ஆண்டின் காட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து கானகம் அரசின் உடைமையாகி, மரத்தில் கோடரி வைப்பது குற்றமாயிற்று. தொழில் நசிந்தது, பெயர் மட்டும் நின்றது.

ராய்கட், தாணே, பால்கர் மாவட்டங்களிலும், நம் புனே மாவட்டத்தின் முல்ஷி, மாவள் வட்டங்களிலும் இவர்கள் வாழ்கிறார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இம்மாநிலத்தில் இவர்கள் தொகை 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். மிகவும் நலிந்த பழங்குடிகள் என அரசு வகுத்துள்ள 75 குழுவினருள் இவர்களும் ஒருவர்.

சென்ற டிசம்பரில் நம் சங்கத்தார் சிலர் விஷ்ராந்த்வாடியிலிருந்து ஒரு வேனில் போர்வைகளை ஏற்றிக்கொண்டு முல்ஷிப் பக்கத்து வாடி ஒன்றுக்குச் சென்றோம். குளிருக்குப் போர்வை தருவது புண்ணியம் என்பது நம் எண்ணம். அங்கே முக்கால்வாசிக் குடிசைகளின் கதவு கட்டிக் கிடந்தது. கிழவர்கள் சிலரும், இரண்டு ஆடுகளும், ஒரு நாயும் தவிர எவரும் இல்லை. ஒரு மூதாட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தார். "தாதா, போர்வை நல்லதுதான். போர்த்திக்கொள்ள ஆட்கள் மழைக்காலத்தில்தான் இருப்பார்கள்," என்றார். நாங்கள் நாணினோம். போகுமுன் ஒருவரிடமேனும் விசாரித்திருக்க வேண்டாவோ?

அவர்கள் எங்கே சென்றிருந்தார்கள்? செங்கல் சூளைக்கும் கரி மூட்டத்துக்கும். மழைக்காலத்தில் வயலில் நாற்று நடும் கூலி சில வாரங்களே கிடைக்கும். பிறகு வீட்டில் தானியம் இராது. அப்பொழுது தரகர் வந்து முன்பணம் கொடுப்பார். திருமணம், நோய், பசி, எதற்கும் அந்தப் பணமே கை கொடுக்கும். மழை ஓய்ந்ததும் கணவனும் மனைவியும் குழந்தைகளோடு புறப்பட்டுச் சூளைக்குச் செல்வார்கள். ஆயிரம் கல்லுக்கு இன்ன கூலி என்பது பேச்சு. வாரந்தோறும் அரிசி வாங்கச் சிறு தொகை தருவார்கள். அடுத்த மழைக்கு முன் கணக்குப் பார்க்கையில் கடன் தீர்ந்தால் அதிருஷ்டம். தீராவிட்டால் மறு ஆண்டும் அதே சூளை. குழந்தைகளின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். குழந்தைகள் களிமண் குழியருகே இருப்பார்கள்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடன் செல்லாது என்கிறது. சட்டம் தெரிந்தவர் சூளைக்குப் போவதில்லை. சூளைக்குப் போகிறவருக்குச் சட்டம் தெரிவதில்லை. நம் காலனியின் சுவர்களில் உள்ள கற்களை அறுத்த கைகள் யாருடையவை என்று நாம் எவரும் கேட்டதில்லை.

இதனை மராட்டிய நாட்டின் குறையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. நம் செங்கற்பட்டு, விழுப்புரம் பக்கத்து இருளர்கள் அரிசி ஆலையிலும் சூளையிலும் மரவெட்டிலும் இதே முன்பணத்தில் சிக்கியவர்களே. ஆயினும் 1978-இல் அவர்களுக்கென்று பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைந்தது. தோலுக்காகப் பாம்பு பிடித்த கைகள், நஞ்சு எடுத்து மருந்துக்குத் தரும் கைகளாயின. தெரிந்த வித்தைக்கே மதிப்பான வேலை கிடைத்தது. தாணே மாவட்டத்து ஷஹாபூரிலும் காத்கரி இளைஞர்கள் சிலர் காட்டுச் சீந்தில் கொடியைச் சேகரித்துப் பெரிய மருந்துக் கம்பெனிகளுக்கு விற்று, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஆர்டர் பெற்றார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் மீது காட்டு மக்களுக்கு உரிமை தந்திருக்கிறது.

இருந்தும் பெருந்தடை ஒன்று உண்டு. நம் ஊரில் நத்தம் என்பதை இங்கே 'காவ்டாண்' என்பார்கள். காத்கரி வாடிகள் பல அந்தக் கணக்கில் ஏறாமல், பிறருடைய பட்டா நிலத்தில் நிற்கின்றன. மும்பையும் புனேயும் வளர வளர நிலத்தின் விலை ஏறுகிறது. நிலத்துக்காரர் வேலி போடுகிறார். மூன்று தலைமுறை இருந்த குடிசைக்குத் தாள் இல்லை. 2023 நவம்பர் 15 அன்று தொடங்கிய ஜன்மன் திட்டத்துக்கு 24,104 கோடி ரூபாய் வகுத்தார்கள். வீடும் சாலையும் குடிநீரும் அதில் உண்டு. ஆனால் வீடு கட்ட மனை வேண்டும். சாதிச் சான்றுக்கு 1950-ஆம் ஆண்டில் குடும்பம் இங்கே வசித்தது காட்டப்பட வேண்டும். ரேஷன் கார்டை ஊர் மாற்ற நாம் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டால், எழுத்தறியாத அவர்கள் படும் பாடு விளங்கும்.

ஆகவே நிர்வாகக் குழு ஒரு முடிவு செய்திருக்கிறது. வருகிற ஆடி மாதம், அவர்கள் வாடியில் இருக்கும் காலத்தில், மீண்டும் செல்கிறோம். அரசு அலுவலகங்களில் ஓய்வு பெற்ற அன்பர்கள் நம்மிடையே பலர் உண்டு. மனு எழுதவும் படிவம் நிரப்பவும் அவர்களைவிடத் தேர்ந்தவர் யார்? மராத்தி நன்கு எழுதும் நம் பிள்ளைகளும் உடன் வரட்டும். குவீன்ஸ் கார்டனில் உள்ள பழங்குடி ஆராய்ச்சி நிலையத்தின் அருங்காட்சியகத்தை அதற்கு முன் ஒரு ஞாயிறன்று அவர்களுக்குக் காட்ட எண்ணியுள்ளோம்.

வர விரும்புவோர் நாடகம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் தர வேண்டுகிறோம். மீந்த 40 போர்வைகளும் அவர் வீட்டு மாடியிலேயே இருக்கின்றன. என்றைக்கு எடுத்துப் போவீர்கள் என்று அவர் மனைவியார் வாரந்தோறும் கேட்கிறார்.