லாக்கப் காட்சி எழுதும்போது

கதையும் திரைக்கதையும் எழுதுகிறவர்களுக்காக நாம் பேசி வரும் இந்தத் தொடரில், இன்றைக்குக் கொஞ்சம் கனமான விஷயம். போலீஸ் காவலில் நடக்கும் சித்திரவதையைக் கதையில் எப்படி எழுதுவது? அடி, காயம் பற்றிய பேச்சு வரும். இப்போ கேட்கிற மனநிலையில் இல்லைன்னா அப்புறமா கேளுங்க, தப்பே இல்லை.

படிச்சுப் பாருங்கன்னு எனக்கு வரும் கதைகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. இருட்டு அறை, தொங்கும் ஒரு பல்பு, நாற்காலியில் கட்டிப்போட்ட ஒருத்தன். நேர்மையான இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போவார். இரண்டே நிமிடம். வெளியே வரும்போது கடத்தப்பட்ட பெண் எந்த குடோனில் இருக்கிறாள் என்ற அட்ரஸ் அவரிடம் இருக்கும். அடுத்து ஜீப் பறக்கும்.

இதில் ரத்தம் அதிகமா, குறைவா என்பது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. அந்த அட்ரஸ் சரியாக இருக்கிறது பாருங்க, அங்கேதான் எனக்கு இடிக்குது. அடிச்சா உண்மை வரும் என்று அந்தக் காட்சி சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

வலியில் துடிக்கிறவருக்கு ஒரே ஒரு தேவைதான்: வலி நிற்கணும். எதைச் சொன்னால் நிற்குமோ, அதைச் சொல்வார். விஷயம் தெரிந்தவரும் சொல்வார், எதுவுமே தெரியாதவரும் சொல்வார். அடிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. டப்ளினில் இருக்கும் மூளை விஞ்ஞானி ஷேன் ஓமாரா, 2015இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கடும் வலி, பயம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து ஞாபகத்தையே குலைத்துவிடும் என்பதுதான் அதன் சாரம். அதாவது, உண்மையைச் சொல்ல நினைப்பவருக்கும் அது சரியாக ஞாபகம் வராமல் போகலாம்.

இதற்கு உலகம் கொடுத்த விலைக்கு ஒரு உதாரணம் சொல்றேன். இப்ன் அல்-ஷேக் அல்-லிபி என்ற கைதியை அமெரிக்கா எகிப்திடம் ஒப்படைத்தது. அல்-கொய்தாவுக்கு ரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சி கொடுத்தது இராக்தான் என்று அங்கே அவர் சொன்னார். 2003 பிப்ரவரியில் காலின் பாவெல் ஐ.நா. சபையில் பேசியபோது அந்தத் தகவலும் அதில் இருந்தது. அடுத்த மாதம் போர் தொடங்கியது. 2004இல் அல்-லிபி, சித்திரவதை தாங்காமல் நானாகச் சொன்ன கதை அது என்று மறுத்துவிட்டார்.

"கதைதானே சார், யாரு அதை நம்பப் போறாங்க?" என்று கேட்பீர்கள். '24' என்ற அமெரிக்கத் தொடர் ஞாபகம் இருக்கா? அதில் ஹீரோ சித்திரவதை செய்தால் பெரும்பாலும் தகவல் கிடைத்துவிடும். 2006 நவம்பரில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் டீன் பேட்ரிக் ஃபினகன், விசாரணை அனுபவம் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தத் தொடரைத் தயாரித்தவர்களை நேரில் போய்ப் பார்த்தார். உங்க தொடர் ராணுவ மாணவர்களின் மனசில் தப்பான எண்ணத்தை விதைக்குது என்று சொல்லத்தான் போனார்.

நம்ம ஊருக்கு வருவோம். கைதானவர் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் போட்டோ வரும். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாராம்" என்று மீம் போடுவோம், சிரிப்போம், ஷேர் பண்ணுவோம். அந்தச் சிரிப்புக்குப் பல வருஷ சினிமா நம்மைப் பழக்கியிருக்கிறது. எழுதுகிறவர்கள் என்ற முறையில் அதில் நமக்கும் பங்கு உண்டு.

சரி, அப்போ எப்படி எழுதுவது? நான் எப்போதும் சொல்வது: முதலில் கேள்வியை எழுதுங்க. அடிக்கிறவர் என்ன கேட்கிறார்? அந்தப் பதில் யாருக்கு, எந்த அவசரத்துக்குத் தேவை? வெற்றிமாறனின் 'விசாரணை' இங்கே நல்ல பாடம். மு. சந்திரகுமார் தன் சொந்த அனுபவத்திலிருந்து எழுதிய 'லாக்கப்' நாவல்தான் அதற்கு மூலம். குண்டூரில் பிழைக்கப் போன தமிழ்த் தொழிலாளர்களை அடிப்பது உண்மையைக் கண்டுபிடிக்க இல்லை. ஒரு திருட்டு கேஸை முடிக்கணும், அதற்கு ஆள் வேணும். பதில் முதலிலேயே தயார். அதை இவர்கள் வாயிலிருந்து எடுப்பதுதான் வேலை. இது புரிந்துவிட்டால் உங்கள் காட்சியே மாறிவிடும்.

அடுத்தது, சட்டம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியாகச் செல்லாது. 1872ஆம் வருட சாட்சியச் சட்டத்திலிருந்தே இதுதான் விதி, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. கைதி சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அதோடு சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். நகையோ கத்தியோ 'மீட்கப்பட்டது' என்று மகஜர் எழுதுவதில் ஏன் அவ்வளவு அக்கறை என்று இப்போ புரியுதா? உங்கள் கதையில் அந்தக் கத்தி எங்கிருந்து வந்தது என்று யோசியுங்க.

அந்த அறைக்கு வெளியே நிறைய பேர் இருக்கிறார்கள். டீ வாங்கிவரும் கான்ஸ்டபிள், என்ன எழுதணும், எதை விடணும் என்று தெரிந்த ஸ்டேஷன் ரைட்டர், காயத்தைப் பார்த்தும் பார்க்காமலும் சான்றிதழில் கையெழுத்துப் போடும் டாக்டர், நிமிர்ந்து பார்க்காமல் ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட். கைது குறிப்பாணையில் சாட்சி கையெழுத்து வேணும், உறவினருக்குத் தகவல் போகணும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்கணும் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதில் எது, யாரால், எப்படித் தவறிப்போனது என்பதே ஒரு முழு நாவலுக்குக் கதை. 2020இல் சாத்தான்குளத்தில் நடந்தது வெளியே வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலரின் சாட்சியம். அன்று ராத்திரி டூட்டியில் இருந்த அப்படி ஒருவரை எழுதிப் பாருங்க. பேசுவதா வேண்டாமா என்ற அவருடைய தவிப்பில் இல்லாத சஸ்பென்ஸா?

மூன்றாவது, பிறகு என்ன ஆகிறது. கதைகளில் ஹீரோ ராத்திரி முழுக்க அடி வாங்குவார், காலையில் சுவர் ஏறிக் குதிப்பார். நிஜத்தில் உள்ளங்காலில் வாங்கிய அடி, வருஷக் கணக்காக நடையை மாற்றிவிடலாம். தோள் நரம்பு பாதிக்கப்பட்டால் கையைத் தூக்கித் தலை வாரவே கஷ்டம். காக்கிச் சட்டையைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும். ஞாபகம் துண்டு துண்டாக இருக்கும்: எது திங்கட்கிழமை, எது செவ்வாய், எத்தனை பேர் அடித்தார்கள் என்று மாற்றி மாற்றிச் சொல்வார். கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் இதைப் பிடித்துக்கொண்டே "பொய் சொல்றார்" என்பார்கள். எழுதிக் கொடுத்து வாங்கின வாக்குமூலம் கோர்வையாக இருக்கும், அடிபட்டவரின் உண்மை தடுமாறும். இந்த முரணை நம்ம கதைகளில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொன்று, "எவ்வளவு அடிச்சாலும் அவன் வாயைத் திறக்கலை" என்று எழுதுவதற்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. வாயைத் திறந்தவர்கள் கோழைகள் என்று அது சொல்கிறது. வலி தாங்காமல் நண்பனின் பெயரைச் சொல்லிவிட்டு, ஆயுசு முழுக்க அந்தக் குற்ற உணர்ச்சியோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கதையை அவர்களும் படிக்கலாம்.

எவ்வளவு காட்டணும் என்று கேட்பவர்களுக்கு: செய்முறை விளக்கம் வேண்டாம். எந்தக் கருவி, எந்த இடம், எவ்வளவு நேரம் என்ற கணக்கு வாசகருக்குத் தேவையில்லை. உடலை ரசிக்கும் பார்வையும் வேண்டாம். அதற்காக மொத்தத்தையும் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் அதுவும் ஒருவகையில் பொய்தான். யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்று முடிவு செய்யுங்க. 'ஜெய் பீம்' படத்துக்கு அடிப்படையான 1993ஆம் வருட வழக்கில், தப்பி ஓடிவிட்டதாக போலீஸ் சொன்ன கணவனைத் தேடி ஒரு பெண் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு என்ன கேட்கிறது, அவரிடம் என்ன சொல்கிறார்கள் என்று எழுதினாலே போதும், உள்ளே நடப்பது வாசகருக்குப் புரியும்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது. அதை உறுதிப்படுத்தும் வேலை அப்படியே நிற்கிறது. அதைப் பற்றிக் கோபப்பட முதலில் நமக்கு இது தப்பு என்று தோணணும். அது தோணுவதும் மரத்துப்போவதும் நாம் பார்க்கிற, படிக்கிற கதைகளிலும் இருக்கிறது.

இந்த வாரம் ஒரு சின்னப் பயிற்சி. நீங்க எழுதிய, அல்லது உங்களுக்குப் பிடித்த படத்தில் வரும் ஒரு லாக்கப் காட்சியை எடுத்துக்கோங்க. அதில் அடி வாங்கினவர் சொல்லும் பதில் தப்பு என்று வைத்துக்கொண்டு, அடுத்த காட்சியை எழுதுங்க. ஜீப் அந்த குடோனுக்குப் போகிறது. அங்கே யாரும் இல்லை. இப்போ அந்த இன்ஸ்பெக்டர் என்ன செய்வார்? எழுதி அனுப்புங்க, படிக்கிறேன். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.